அணைத்த அடுப்பும் அலங்கார ரொட்டியும்

அவைக்குத் தலைமை தாங்கி, அடக்கமாய் அமர்ந்து, அவ்வப்போது கைக்கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும் விழாக்குழுத் தலைவர் அவர்களே! எங்கள் தெருவில் எது நடந்தாலும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து, பேசுகிறவன் தேறுவானா மாட்டானா என்று முகத்தைப் பார்த்தே முடிவுகட்டிவிடும் பெரியவர்களே! பிள்ளைகளை மடியிலும் கவலைகளை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! எதிரே உள்ள மருத்துவமனையில் வேலை முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் ஓடி வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே! நாற்காலி கிடைக்காமல் சுவருக்குத் துணையாக நிற்கும் இளைஞர்களே! இன்றைய விழாவின் நாயகியாக இருந்தும், எதற்கு இந்த ஆர்ப்பாட்டமெல்லாம் என்று கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் எங்கள் ரொட்டிக்கடை அக்கா அவர்களே! அனைவரையும் வணங்கி நிற்கிறேன்.

"கணக்கு வாத்தியார் சுருக்கமாகப் பேசுவார்" என்று அறிவித்தார்கள். மூன்றாவது வரிசையில் என் மனைவி சிரித்துவிட்டார். சிரிக்கட்டும். இந்தக் கூட்டத்தில் இன்னும் கொஞ்ச நேரத்துக்கு வேறு யாரும் சிரிக்கப் போவதில்லை.

இது வழியனுப்பு விழா. வாழ்த்திப் பேசு என்றார்கள். வாழ்த்த வாய் வருகிறது, மனம் வரவில்லை. மருமகளாக வந்தவர், மாவோடு மாவாக உழைத்தவர், மாமியார் மூட்டிய அடுப்பை நாள் தவறாமல் காத்தவர், ஏன் போகிறார்? நொடித்துப் போனாரா? இல்லை. நோயா? இல்லை. நம்மோடு சண்டையா? சண்டை போடத் தெரிந்திருந்தால் அவர் இங்கேயே இருந்திருப்பாரே!

அந்த அடுப்பைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். செங்கல் அடுப்பு. மூட்டிய நாள் முதல் அது அணைந்ததே கிடையாது. வேலை முடிந்ததும் தணலைச் சாம்பலால் மூடிவைப்பார்கள், விடியுமுன் கிளறி விறகு வைப்பார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து கண்விழித்தவருக்கு அக்கா கடை பன். பிள்ளை பெற்றவளுக்கு அக்கா கடை ரஸ்க். நோயாளிக்குத் துணையாக வந்து நடைபாதையில் படுத்தவர்களுக்கு, காசு கேட்காமல், அந்த அடுப்பின் ஓரத்தில் காய்ந்த வெந்நீர். செவிலியர் சகோதரிகளே, நான் மிகைப்படுத்துகிறேனா? இல்லை என்று தலையாட்டுகிறார்கள். பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில்தான் நகரத்துக்கு ஓர் ஆசை வந்தது. நாலு ஊர் நம்மைப் பார்க்க வர வேண்டும்! பயணிகள் வந்தால் வணிகம் வளரும், வணிகம் வளர்ந்தால் வாழ்வு மலரும்! நல்ல ஆசை. அதற்காகப் பொதுப்பணத்தில் 'பழந்தெரு விழா' என்று ஒன்று எடுத்தார்கள். எவ்வளவு செலவு என்று சொல்லமாட்டேன். சொன்னால் தொகையை நினைவில் வைத்துக்கொண்டு அக்காவை மறந்துவிடுவீர்கள். வீதிக்கு வீதி விளக்கு, விளக்குக்கு விளக்கு தோரணம், தோரணத்துக்குத் தோரணம் விளம்பரம்! நாம் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

அலங்காரப் பொறுப்பாளர் ஒருவர் வந்தார். கறுப்புக் கண்ணாடிக்காரர். நிமிர்ந்து அக்கா கடையின் புகைபோக்கியைப் பார்த்தார்.

"இந்தப் புகை போட்டோவுல விழும்மா. விழா முடியற வரைக்கும் அடுப்பை அணைச்சு வையுங்க."

"அப்போ ரொட்டி?" என்றார் அக்கா.

"அதை நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொண்டார்கள் ஐயா, பிரமாதமாகப் பார்த்துக்கொண்டார்கள்! அடுப்பை அணைக்கவைத்தார்கள். தெர்மாகோலில் ரொட்டி செய்தார்கள். பொன்னிறம் பூசினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி, மேலே விளக்கும் போட்டார்கள். அக்கா கோபித்துக்கொண்டாரா? இல்லை. "நம்ம கடை இவ்ளோ அழகுன்னு எனக்கே தெரியாது தம்பி" என்று என்னிடம் சொன்னார். புதுத்துணி எடுத்து உடுத்திக்கொண்டு வாசலில் நின்றார்.

பயணிகள் வந்தார்களா? வந்தார்கள். பொய் சொல்லக் கூடாது, கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், பசித்தது, ரொட்டி கேட்டார்கள். தோளில் பை மாட்டிய ஓர் அம்மாள் கடைக்குள் போய் ஆசையாக ஒரு ரொட்டியை அமுக்கிப் பார்த்தார். விரல் உள்ளே போய்விட்டது. "சாப்பிடறதுக்கு எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். நம்முடைய விழாத் தொண்டர் பெருமையாக அடுத்த தெருவைக் கைகாட்டினார். போனவர் திரும்பவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "இது விக்கறதுக்கு இல்லையாக்கா?" என்றார். "இல்லப்பா, பாக்கறதுக்கு" என்றார் அக்கா. அந்தப் பதிலைச் சொன்னபோது அவர் தலை குனிந்ததை நான் பார்த்தேன்.

கடைசி நாள் வந்தது. பெரிய சுற்றுலா நிறுவனத்தார் பார்வையிட வருகிறார்கள் என்று பரபரப்பு. கறுப்புக் கண்ணாடிக்காரர் மூக்கை உறிஞ்சினார். "எல்லாம் சரி. ரொட்டிக்கடைன்னா வாசனை வேணுமே?" என்றார். முதலில் ஒரு புட்டியிலிருந்து எதையோ பீய்ச்சினார்கள். கடை முழுக்கச் சோப்பு வாசனை. (சிரிக்கிறீர்களா? அன்று நாங்களும் சிரித்தோம்.) பிறகு உத்தரவு வந்தது, அடுப்பையே மூட்டுங்கள், உடனே மூட்டுங்கள்.

அக்கா வீட்டுக்காரர் தயங்கினார். "இதுக்கு முன்னாடி இதை நாங்க ஆறவிட்டதே இல்ல சார். ஆறினதை மூட்டிப் பழக்கமும் இல்ல."

"அடுப்புதானேய்யா, மூட்டுங்க!"

மூட்டினார். விருந்தாளிகள் வந்துவிடுவார்களே என்று விறகுக்கு மேல் விறகாகத் திணித்தார். ஈரமேறிக் குளிர்ந்து கிடந்த கல்லுக்கு அந்த அவசரம் தாங்குமா? உள்ளே ஒரு சத்தம். அடுப்பின் வளைவு பிளந்து, செங்கல் செங்கலாக உள்ளுக்குள் விழுந்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. சாம்பல் அப்பிய முகத்தோடு கணவனும் மனைவியும் வாசலுக்கு ஓடிவந்தார்கள். அவையோரே, வெளியே நின்ற கூட்டம் என்ன செய்தது தெரியுமா? இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக் கைதட்டியது!

கைதட்டலுக்கு நடுவில் அக்கா அழுதுகொண்டிருந்தார்.

அடுப்பைக் கட்டித் தாருங்கள் என்று விழாக்குழுவிடம் கேட்கப் போனோம். தலைவர் அவர்களே, நீங்கள் கல்நெஞ்சர் அல்ல. "விழா நிதியை விழாவுக்கு மட்டும்தான் செலவு பண்ண முடியும், என் கை கட்டியிருக்கு" என்று சொன்னபோது உங்கள் குரல் உடைந்தது, நான் கேட்டேன். ஆனால் அந்த விதியை எழுதியது யார்? நாம் தேர்ந்தெடுத்த நகர்மன்றம்தானே? தெர்மாகோல் ரொட்டிக்கு நிதி உண்டு, தின்கிற ரொட்டிக்கு இல்லை! போலி வாசனைக்குப் பணம் உண்டு, போன அடுப்புக்கு இல்லை! வருகிறவர் நின்று படம் எடுக்க வளைவு கட்டினோம், இருக்கிறவர் நின்று பிழைத்த வளைவை இடித்தோம்! வந்தவர் கண்ணுக்கு விருந்து வைக்கிறேன் என்று சொந்த அக்காவின் வயிற்றில் அடித்துவிட்டோமே, இது அடுக்குமா? இது தகுமா?

நான் விழாவுக்கு விரோதி அல்ல. விருந்தாளி வரட்டும், விளக்கு எரியட்டும், ஆடட்டும், பாடட்டும். ஆனால் விருந்தாளி எதைப் பார்க்க வருகிறார்? தோரணத்தையா? அது எல்லா ஊரிலும் ஒரே கடையில் வாங்கியதுதான். அதிகாலையில் ஒருத்தி அடுப்பைக் கிளறுகிறாள், அந்த வாசனையில் ஒரு தெரு விழிக்கிறது. அதைப் பார்க்கத்தானே வருகிறார்? அதை அணைத்துவிட்டு அவரை அழைத்தோமே! இருக்கிறவர் வாழ்ந்தால்தான் அது ஊர். இருக்கிறவர் போய்விட்டால் அது வெறும் பொருட்காட்சி!

என்ன தம்பி? பின்னாலிருந்து ஒருவர் "நாங்களே கட்டித் தர்றோம் சார்" என்கிறார். நல்ல மனசு. ஆனால் இதை அடுப்பு விழுந்த மறுநாள் சொல்லியிருக்க வேண்டும். நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. குழு பார்த்துக்கொள்ளும் என்று ஆளுக்கொரு வேலையாகப் போய்விட்டோம். இப்போது அக்கா வீட்டுக்காரர் வெளியூரில் மைத்துனியின் கணவரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நாளைக்கு அக்காவும் பஸ் ஏறுகிறார்.

ஆனாலும் கேட்டுவிடுகிறேன். அக்கா, அடுப்பைக் கட்டினால் திரும்பி வருவீர்களா?

கேட்டதா உங்களுக்கு? அவரிடம் மைக் இல்லாததால் நானே சொல்கிறேன். "முதல்ல கட்டுங்க தம்பி. அப்புறம் கூப்பிடுங்க" என்கிறார்.

தட்டாதீர்கள்! தயவுசெய்து கைதட்டாதீர்கள். அவர் காதில் ஏற்கெனவே ஒரு கைதட்டல் இருக்கிறது.

கடைசியாக எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். இதோ மேசைமேல், விழாக்குழுவின் நினைவுப் பரிசு. கண்ணாடிப் பெட்டிக்குள் அக்கா கடையின் அலங்கார ரொட்டி ஒன்று. அந்த அம்மாள் விரல் பதித்தாரே, அதேதான். இதை நான் அக்கா கையில் கொடுக்க வேண்டுமாம். தலைவர் அவர்களே, மன்னியுங்கள், என்னால் முடியாது. இது மன்றக் கூடத்தில், நிதி ஒதுக்கும் மேசையின் நடுவில் இருக்கட்டும். அடுத்த விழாவுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுப் போடட்டும்.

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும், இடையில் மைக்கைப் பிடுங்காத தலைவருக்கும் என் நன்றி. அக்கா, நீங்கள் போகிற ஊரில் அடுப்பு எரியட்டும், உங்களை அந்த ஊர் எங்களைவிட நன்றாக வைத்துக்கொள்ளட்டும். மற்றவர்களே, நாளைக் காலையில் பழக்கதோஷத்தில் பையை எடுத்துக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்பீர்கள். நானும் வருவேன். இன்னும் கழற்றாத அலங்காரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரியும், ரொட்டி பளபளக்கும். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவோம். வணக்கம்.