சட்டப்படி நான் உனக்கு யாரோவாம்

வேங்கிக்காலில் ஏறிய இரண்டு பெண்கள், கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. பெரியவளுக்கு அறுபது வயதிருக்கும், மற்றவளுக்கு முப்பது.

“சட்டப்படி நான் உனக்கு யாரோவாம்,” என்றாள் பெரியவள்.

“அவரு அப்படிச் சொல்லலம்மா. சட்டம் சொல்ற சொந்தத்துல நாம வரலைன்னுதான் சொன்னாரு.”

“ரெண்டும் ஒண்ணுதான். வூட்ட வித்த லாபத்துக்கு நான் வரி கட்டிட்டேன். மிச்சத்தப் பெத்த பொண்ணுக்குக் குடுத்தா அவளுக்கு வரி கிடையாது. உனக்குக் குடுத்தா நீ கட்டணுமாம். பக்கத்து வூட்ல உங்கம்மா செத்து உன்னத் தூக்கிட்டு வந்தப்போ, தத்துன்னு எழுதி வைக்கணும்னு எனக்கு யாரு சொன்னா?”

இளையவள் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“பேசாம உயில் எழுதிடறேன். அப்படி வந்தா உனக்கு வரி இல்லன்னாரே.”

“அதுக்கு நீ சாகணுமே.”

“ஒருநாள் சாகத்தானே போறேன்.”

“அந்தப் பணத்துலதான உனக்கும் ஒரு ரூம் வச்சு வீடு கட்டலாம்னு பேசினோம். இப்பவே குடு. வரிய நான் கட்டிக்கிறேன்.”

“ஜாஸ்தி போயிடுமேடி.”

“போவட்டும். வீட்ட சின்னதாக் கட்டிக்கலாம். உன் ரூம மட்டும் கம்மி பண்ண மாட்டேன்.”

பெரியவள் பஸ் ஜன்னல் வழியே, பின்னால் விலகிப் போகும் மலையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

“என் ரூம்ல ஜன்னலத் தெறந்தா மல தெரியணும்.”