ஓவர்மாரோவுக்கு வைத்த கத்தி

மேடையில் வீற்றிருக்கும் அகராதிக் குழுத் தலைவர் அவர்களே, அச்சக உரிமையாளர் அவர்களே, முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் சாரின் துணைவியார் அக்கா அவர்களே, பிழை திருத்துபவர்களே, பக்கம் அமைப்பவர்களே, ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்க அவர் அறைக்குப் போய் ஒரு மத்தியானத்தையே அங்கே விட்டுவிட்டுத் திரும்பிய அனைவரே, உங்களுக்கு என் வணக்கம்.

முதன்மைப் பதிப்பாசிரியர் என்ற முறையில் என்னை முதலில் பேசச் சொன்னார்கள். அவரோடு அதிகம் சண்டை போட்டவள் என்ற முறையிலும் எனக்கு அந்த உரிமை உண்டு.

நம்மை விட்டுப் பிரிந்த மூத்த பதிப்பாசிரியர், பழைய ஆங்கிலச் சொற்களின் பிரிவைத் தனி ஆளாகத் தாங்கிய பெருந்தகை, அவருக்கு நம் அலுவலகத்தில் என்ன பெயர்? முந்தாநாள் சார்! முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டோம். அவரும் திரும்பிப் பார்ப்பார். ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் ஏர்யெஸ்டர்டே என்று ஒரு சொல் இருந்தது. ஏர் என்றால் முன்னால், நேற்றைக்கு முன்னால். வேலையில் சேர்ந்த புதிதில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். பட்டம் ஒட்டிக்கொண்டது.

அவருடைய அறை உங்களுக்குத் தெரியும். மாடியில் கடைசி அறை. மேற்குப் பார்த்த ஜன்னலில் வெயிலில் வெளுத்த திரை. சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளே போனால் நமக்கே கண்ணைச் சொருகும். மின்விசிறி சுற்றுகிறதா யோசிக்கிறதா என்று தெரியாது. அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருப்பார். ஒருநாள், தூங்குகிறீர்களா என்று அதட்டினேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "வேலதான் மேடம் பாக்கறேன். ட்ரீம்னா அந்தக் காலத்துல கனவு இல்ல. சந்தோஷம், பாட்டு, அதுதான் அர்த்தம்."

போய்ச் சரிபார்த்தேன். உண்மைதான். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மகிழ்ச்சி, இசை என்றுதான் பொருள். அப்படியானால் மனிதர் தினமும் பாட்டுக் கேட்கிறார் என்று விட்டுவிட்டேன். இன்னொரு நாள், வாரத்தை அந்தக் காலத்தில் செனைட் என்று சொன்னார்கள் என்றார். ஏழு இரவு என்று அர்த்தம். இரவு இரவாகத்தான் எண்ணியிருக்கிறார்கள், பகல் நடுவில் தானாக வந்து போயிருக்கிறது என்றார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குப் பகல் பகலாகவே தெரியவில்லை. அவரோடு பேசிவிட்டு வந்தால் அப்படித்தான் ஆகும்.

வெளியிலிருந்து வந்திருப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். வழக்கொழிந்த சொல்லுக்கு முன்னால் நம் அகராதியில் சின்னக் குத்துவாள் மாதிரி ஒரு குறி இருக்கும். இந்தச் சொல் செத்துவிட்டது என்று அதற்குப் பொருள். அலுவலகத்தில் நாங்கள் அதைக் கத்தி என்போம். அந்தக் கத்தியை வைக்கும் வேலை முந்தாநாள் சாருடையது. ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதருக்கு எப்பேர்ப்பட்ட வேலை பாருங்கள்! வைப்பதற்கு முன் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு நடைவழிக்கு வருவார். ஒருமுறை வாய்விட்டுச் சொல்வார். யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்று நிற்பார். பிறகுதான் உள்ளே போவார்.

எல்லாச் சொல்லுக்கும் வைத்தார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கை வரவில்லை. ஓவர்மாரோ. அதற்குக் கத்தி வைத்தது நான்.

மாரோ என்றால் முதலில் காலைப்பொழுது. ஓவர் என்றால் அப்பால். வரப்போகிற காலைக்கும் அப்பால் இருக்கும் காலை. நாம் வெகு சுலபமாக நாளன்னிக்கு என்கிறோமே, அதுதான்! ஆங்கிலத்தில் அதை இன்று சொல்ல நாலு சொல் வேண்டியிருக்கிறது. ஒரு நாளையே தொலைத்துவிட்டு எப்படி நிம்மதியாக இருக்கிறார்கள் என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அதனால் தன் வீட்டில் அதைப் புழக்கத்தில் விட்டார். அக்காவும் மகளும் நாளன்னிக்கு என்பதையே மறந்து ஓவர்மாரோ என்றார்கள். ஒருநாள் என் முன்னால் வந்து நின்று, அந்தச் சொல் உயிரோடு இருக்கிறது, கத்தியை எடுங்கள் என்றார்.

நான் எடுத்தேனா? எடுக்கவில்லை. கத்தியை எடுக்க விதி இருக்கிறது. சொல்லைப் புழக்கத்தில் விட்டவரின் வீட்டுக்கு வெளியே ஒருவர் அதை இயல்பாகச் சொல்ல வேண்டும். கேட்டவருக்கு விளக்காமலே புரிய வேண்டும். அந்த விதியை எழுதியவரே அவர்தான். சளைக்காமல் சாட்சி தேடினார். அக்கா சிலிண்டர் போடுபவரிடம் ஓவர்மாரோ வரச் சொன்னதை ஓடிவந்து சொன்னார். சிலிண்டர்காரர் என்ன சொன்னார் என்று கேட்டேன். அது எந்தக் கிழமை என்று கேட்டாராம். தள்ளுபடி செய்துவிட்டேன். கல்நெஞ்சு மேடம் உங்களுக்கு என்று சொல்லிவிட்டு, என் மேசையில் இருந்த மிக்சரை எடுத்துக்கொண்டு போனார்.

கடைசியாக அலுவலகத்தை விட்டு இறங்கியபோது என் அறைக் கதவில் தலையை நீட்டினார். "நாளைக்கு லீவு மேடம். ஓவர்மாரோ வரேன்."

மறுநாள் இரவு தூக்கத்திலேயே போய்விட்டார். ஓவர்மாரோ வந்தது. அவர் வரவில்லை.

அன்று காலை மகள் தொலைபேசியில் செய்தி சொன்னாள். நான் மாடிக்குப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். திரை அசைந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. கைபேசி ஒலித்தது. அச்சக உரிமையாளர். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. கடைசிப் பக்கங்கள் எப்போது வரும் என்று கேட்டார். நான் ஏதோ சொன்னேன். அவர், "சரிங்க மேடம், நாளன்னிக்கு ஆள் அனுப்பறேன்" என்றார்.

கைபேசியை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் என்ன சொன்னேன்? மறுபடி கூப்பிட்டேன். இறந்த செய்தியைச் சொல்வதற்கு முன்னால், அநியாயம்தான், இதைத்தான் கேட்டேன். நான் சொன்னது உங்களுக்கு எப்படிப் புரிந்தது? "ஓவர்மாரோன்னீங்க. அது எனக்குத் தெரியாத நாளா மேடம்? சார் எப்பக் கேட்டாலும் அந்த நாளத்தானே காட்டுவாரு."

அவையோரே! வீட்டுக்கு வெளியே ஒருத்தி சொல்லியிருக்கிறாள். யோசிக்காமல் சொல்லியிருக்கிறாள். கேட்டவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இனி எந்த முகத்தை வைத்துக்கொண்டு தள்ளுபடி செய்வேன்? மற்றப் பக்கங்களை அனுப்பிவிட்டு அந்த ஒரு பக்கத்தை மட்டும் நிறுத்திவைத்தேன். நேற்று, ஓவர்மாரோவுக்கு முன்னால் இருந்த கத்தியை என் கையாலேயே எடுத்தேன். எடுத்துவிட்டு அழுதேன்.

பதிப்பாசிரியர் பெயர்களில் மறைந்தவர் பெயருக்கு அருகேயும் அதே குறியை வைப்பது நம் வழக்கம். வைக்கவா என்று பக்கம் அமைப்பவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் விதியை வளைத்தால் முந்தாநாள் சார் நம்மை மன்னிப்பாரா? வையுங்கள் என்றேன். சொல் பிழைத்துக்கொண்டது. மனிதர் போய்விட்டார்.

அவர் பிரிவை மூடமாட்டோம். இனி எந்தச் சொல்லுக்குக் கத்தி வைப்பதானாலும், நடைவழியில் நின்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டே வைப்போம். நீங்களும் தயவுசெய்து திரும்பிப் பாருங்கள்.

அச்சக உரிமையாளர் அவர்களே, நிறுத்திவைத்த அந்தப் பக்கம் உங்களுக்கு ஓவர்மாரோ வந்து சேரும்.

அது என்றைக்கு என்று இந்த அரங்கில் ஒருவரும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வணக்கம்.