ஒட்டு மீசை

சந்தவாசல் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். பேசியது ஆண் வேடத்தில் போருக்குப் போன ஒரு ராணியின் கதையைச் சொல்லும் நாவலைப் பற்றி. வாசகர் வட்டத்துக்குப் போகிறார்கள் போல. இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

"அவ இன்னாத்துக்குக்கா மீச ஒட்டிக்கினு போவணும்? பயந்தாங்கொள்ளி," என்றார் இளையவர்.

"பொம்பளையா போனா வுட்டிருப்பாங்களா?"

"கேட்டுப் பாத்தாதான தெரியும்!"

இளையவரின் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"படவேடு கோயில்லதாங்க இருக்கேன். செம கூட்டம்."

மூத்தவர் இளையவரின் மடியிலிருந்த அர்ச்சனைக் கூடையைப் பார்த்தார்.

"உன் மீச நல்லாதாண்டி ஒட்டியிருக்கு."

இளையவர் சிரிக்கவில்லை. கரும்புத் தோட்டங்கள் தாண்டியதும் கூடையை மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு அவரே போன் போட்டார்.

"ஏங்க, கோயிலுக்குப் போவலங்க. புக்கு பத்திப் பேசுற கூட்டத்துக்குப் போறேன்... ஆமாங்க. போன மாசமும் அங்கதான்."