தட்டச்சு செய்து உதவிய மனைவிக்கு

— உக்காருங்க மாப்ள. பிரமிளா வரல. அவ துணிமணிய எடுத்துட்டுப் போக நானாதான் வந்தேன். ரவாங்லேர்ந்து கோல சிலாங்கூருக்கு பஸ் மாறி வர்றதுக்குள்ள இடுப்பு போச்சு.

— வரலன்னா? யூனிவர்சிட்டி விசாரணை காலையிலேயே முடிஞ்சிருக்குமே அக்கா. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குறா.

— என்கிட்டயும்தான் பேசல. என் கூடப்பொறந்தவ, ரயில் ரவாங் வர்ற வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்திருந்தா. இப்ப என் வீட்டுல படுத்திருக்கா. எந்த அலமாரி அவளோடது?

— அதெல்லாம் அப்புறம் லா. லிசன், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். என் பேரு வந்துச்சா?

— வராம? மொதல்லேர்ந்து சொல்றேன், கேளுங்க. துணைக்கு ஒருத்தர் இருக்கலாம்னாங்க, நான் பின்னால உக்காந்துக்கிட்டேன். மேசைக்கு அந்தாண்ட மூணு பேரு, நடுவுல ஒரு அம்மா. ரெண்டு தீசிஸையும் பக்கத்துப் பக்கத்துல வச்சாங்க. ஒண்ணு நீங்க மாஸ்டர்ஸ் வாங்குனது, இன்னொண்ணு இவ இப்ப எழுதுனது. பாதிக்கு மேல ஒரே மாதிரி இருக்குன்னு கம்ப்யூட்டர் காட்டுதாம். வீட்டுக்காரர் எழுதுனத அப்படியே எடுத்துட்டீங்களேன்னு அந்த அம்மா கேட்டாங்க. கோவமாகூட இல்ல, பாவப்பட்டுக் கேட்ட மாதிரி.

— நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எஸ்டேட் மூடி ஃபேக்டரிக்குப் போன பொம்பளைங்க கதைய விடு, வேற தலைப்பு எடுன்னு. கேட்டாளா?

— அவளே ஃபேக்டரி பஸ்ஸுல போனவதானே மாப்ள. தெரிஞ்சதத்தான் எழுதுவா. அதே கை, அதே மனசு. புதுசா எழுதுன்னா எங்கிட்டுப் போவா?

— டைப் பண்ணிக் கொடுத்தா. அங்கங்க கொஞ்சம் ஹெல்ப் பண்ணா. நான் இல்லன்னு சொல்லலையே.

— டைப்பு. கைக்குழந்தையா இருந்த தனுஜாவ மடியில போட்டுக்கிட்டு அவ எழுதுனத எங்க அம்மா பாத்துட்டு வந்து சொல்லி அழுதுச்சு. நீங்க பள்ளிக்கூடம் விட்டு வந்து டிவியில பந்து மேட்ச் பாத்துக்கிட்டு இருப்பீங்களாம். நன்றி சொல்ற பக்கத்தக்கூட அவளைத்தான் எழுதச் சொன்னீங்க. 'தட்டச்சு செய்து உதவிய மனைவிக்கு.' தனக்குத்தானே நன்றி எழுதிக்கிட்டா. விசாரணையில அந்த அம்மா அந்த வரிய வாசிச்சப்ப இவ லேசா சிரிச்சா.

— அத எதுக்கு வாசிச்சாங்க?

— டைப் பண்ணப்ப ஃபைல் இவகிட்ட தங்கிடுச்சு, அதுலேர்ந்து எடுத்துட்டான்னு காட்டத்தான். நீங்க அப்படித்தான் சொல்லிட்டு வந்தீங்களாமே. போன வாரம் மீட்டிங்குன்னு இவகிட்ட சொல்லிட்டு, அங்கதானே போனீங்க?

— அக்கா, என் நிலைமையையும் பாருங்க. தலைமையாசிரியர் இண்டர்வியூ வரப் போவுது. கூப்பிட்டாங்க, போனேன். வேற என்னத்த சொல்றது? எனக்குப் போனா இந்த வீட்டுக்கே போச்சு. அவளுக்கு இது ஒரு ஆசை, அவ்வளவுதானே.

— ஆசைதான். ஒரு வாரமா என்கிட்ட மாத்தி மாத்திப் பேசுனா. நிஜத்தச் சொல்லிடறேன்னும்பா. சொன்னா தனுஜாவ ஸ்கூல்ல நாலு பேரு கேப்பாங்களே, உங்கப்பா பட்டம் பொய்யான்னும்பா. நீங்க முந்திக்கிட்டது அவளுக்கு அங்கதான் தெரிஞ்சுது. அப்புறம் எந்திரிச்சு, 'ஆமா, எடுத்தது நான்தான்'னா.

— அப்படியா சொன்னா?

— அப்படியேதான்.

— நல்லவ லா அக்கா. எனக்குத் தெரியும், அவ என்னை விட்டுக் கொடுக்க மாட்டா. தனுஜா டியூஷன் முடிஞ்சு வரட்டும், ரெண்டு பேருமா வந்து கூட்டிட்டு வர்றோம். கொஞ்ச நாள் போகட்டும், வேற யூனிவர்சிட்டி பாத்துச் சேத்து விடறேன்.

— புள்ளைய அனுப்புங்க. நீங்க வர வேணாம்.

— சரி, கோவம் இருக்கும். எனக்குப் புரியுது. கேஸ் முடிஞ்சிடுச்சு இல்ல?

— முடிக்கத்தான் பாத்தாங்க. பேப்பரையெல்லாம் அடுக்கிட்டாங்க. நான்தான் எந்திரிச்சு முன்னால போனேன். பிரமிளா என் சேலையப் புடிச்சு இழுத்தா, உதறிட்டேன். அதுக்குத்தான் என்கூடப் பேசல.

— நீங்களா? நீங்க எதுக்கு நடுவுல?

— அவளுக்கும் இனி படிப்பு இல்லையாம். அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்ததும் குத்தமாம். அது எனக்குத் தெரியாமப் போச்சு மாப்ள. தெரிஞ்சிருந்தாலும் வாய மூடியிருப்பேனான்னு சொல்லத் தெரியல.

— அவ எழுதிக் கொடுத்தான்னு அவங்களுக்கு யாரு சொன்னது? அக்கா, உங்க பேச்ச எவன் நம்புவான்?

— உங்க தீசிஸ்ல, கிளவ்ஸ் ஃபேக்டரியில விரல் போன பொம்பள ஒருத்தி பேசுறாளே. அவ யாரு மாப்ள?

— யாரோ ஒரு வர்க்கர். இத்தன வருசம் கழிச்சு அதெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கும்?

— அந்த அம்மா முன்னால மேசை மேல இந்தக் கையைத்தான் வச்சேன்.