நான்காவது கேள்வி

என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் ஐயா. அதனால்தான் சபையில் வருகிறவர்களை விசாரித்துக் கேள்வித்தாள் நிரப்பும் வேலையை லிந்தால்வாவுக்கே கொடுங்கள் என்றார்கள். பத்தொன்பது வருஷமாக எழுதுகிறேன்.

சட்டம் உங்களுக்குத் தெரியாததா? கொடியும் இலையும் போட்டுக் காய்ச்சுகிற எங்கள் கஷாயத்தை வழிபாட்டில் குடிக்கலாம், விற்கக் கூடாது. புதிதாக வருகிறவரையும், ரொம்ப நாள் விட்டுத் திரும்பி வருகிறவரையும் உட்காரவைத்து விசாரிக்க வேண்டும். நான்காவது கேள்வி மாத்திரை பற்றியது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கஷாயம் கிடையாது. இரண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இதற்காக எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மேயரின் மைத்துனி ஒருத்தி வாசல்வரை என்னைத் திட்டிக்கொண்டே போனாள். போகட்டும், உயிரோடுதானே போனாள்.

ஓசிமார் எங்கள் பழைய ஆள். கொடி இடிக்க அவனைப்போல ஒருத்தன் கிடையாது. மனைவி செத்தபிறகு ரியோ பிராங்கோ நகரத்துக்குப் போய், தபால் ஆபீசில் பார்சல் பிரிக்கும் வேலையில் சேர்ந்துவிட்டான். அங்கேதான் வெளிநாட்டுக்குப் போகிற ஒரு பெட்டி அவன் கையில் உடைந்திருக்கிறது. உள்ளே எங்கள் கஷாயம், போத்தல் போத்தலாக. அனுப்பியவன், நாங்கள் தகப்பனார் என்று கூப்பிடுகிற சபைத் தலைவர் பெலார்மீனோவின் மகன். அந்தக் கழுதை விற்கிறான் என்பது எனக்கு முன்பே தெரியும். பாவம், தகப்பனாருக்குத் தெரியாது.

போன சனிக்கிழமை காலையில் ஓசிமார் வந்தான். "திங்கக்கிழமை போலீசுக்குப் போறேன்க்கா. அதுக்கு முன்னாடி கஷாயத்தை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன்" என்றான்.

நாங்கள் அப்படித்தான். கல்யாணமோ, வீடு மாறுவதோ, கஷாயத்தைக் குடித்து, அது மனசுக்குள் சொல்கிற பதிலைக் கேட்காமல் செய்யமாட்டோம். வெளியாள் என்றால் நேரே உங்களிடம் வந்திருப்பான். இன்றைக்கு உயிரோடும் இருப்பான்.

தாளை எடுத்தேன். "கூட நின்னு பாடினவன்கிட்டயே கேள்வித்தாளாக்கா?" என்று சிரித்தான். நான்காவது கேள்விக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"தினம் ஒண்ணு சாப்பிடுறேன். அவ போனப்புறம் மனசு ஒடிஞ்சு கிடந்தேன்ல, ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. இன்னைக்குக் காலையிலகூட போட்டுக்கிட்டேன். குடிக்கலாமா, கூடாதா? நீயே சொல்லு."

என் புருஷன் பெருங்குடிகாரன் ஐயா. அவனை மனுஷனாக்கித் திருப்பிக் கொடுத்தது அந்தக் கஷாயம். ஒருத்தன் செய்த திருட்டு வியாபாரத்துக்காகச் சபையை மூடிவிட்டால், என்னைப்போல இருநூறு குடும்பங்கள் எங்கே போகும்?

'இல்லை' என்று எழுதினேன். "குடிக்கலாம் தம்பி" என்றேன். அவன் படித்துப் பார்க்கவில்லை. "உன் எழுத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்க்கா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

நான் கொல்ல நினைக்கவில்லை. கஷாயத்தின் பொறுப்பில் விட்டேன், அவ்வளவுதான்.

மதியம் வழிபாடு. இரண்டாவது குவளை முடிந்து சற்று நேரத்தில் அவனுக்கு நடுக்கம் கண்டது. ஆண்கள் பக்கத்திலிருந்து என்னைக் கைகாட்டி அழைத்தான். போய் உட்கார்ந்தேன். உடம்பு அடுப்பாகக் கொதித்தது.

"பதில் வந்துருச்சுக்கா" என்றான். "போலீசுக்குப் போகவேணாமாம். தகப்பனார்கிட்டயே நேராப் பேசிடச் சொல்லுது."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை நிம்மதி. அதற்குப்பிறகு அவன் தாடை இறுகிவிட்டது. பேச்சு வரவில்லை.

பெலார்மீனோ தகப்பனார் ஓடிவந்தார். "லிந்தால்வா, வண்டியை எடுக்கச் சொல்லட்டுமா? மாத்திரை கீத்திரை ஏதாச்சும் சாப்பிடுறானா?"

"தாளைப் பாருங்க" என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "இல்லைன்னுதான் போட்டிருக்கு. அப்போ சுத்தமாகுறான், விடுங்க" என்றார். நடுங்குவதும் வாந்தியெடுப்பதும் எங்களிடம் சகஜம். அழுக்கு வெளியேறுகிறது என்போம். எல்லோரும் பாட்டைத் தொடர்ந்தார்கள். நானும் பாடினேன். ஓசிமார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நாலாவது பாட்டில் அந்தப் பார்வை நின்றுவிட்டது.

போலீசுக்குப் போகவில்லை என்று அவனே சொன்னபிறகும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. வண்டி வாசலில் நின்றது. ஆஸ்பத்திரி முக்கால் மணி நேரத் தொலைவு. ஒரு சொல்லை அடித்துவிட்டு மேலே 'ஆம்' என்று எழுதியிருந்தால் போதும். பேனா என் பையில்தான் இருந்தது.

ஆனால் நீங்களே தாளை எடுத்துப் பாருங்கள் ஐயா. பத்தொன்பது வருஷத்தில் ஒரு அடித்தல் திருத்தல்கூட இருக்காது.