வண்டி கிளம்பிவிட்டது

திரையில் ஒரு பொத்தானை எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதை, அதை அழுத்தப்போகிறவரின் விரலைப் பார்த்துத்தான் நான் முடிவு செய்வேன். என் தொழிலில் பலர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை.

சிறு கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறேன். முடிதிருத்தும் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஜன்னலோரம் மேசை, அதன்மேல் புதிதும் பழையதுமாகச் சில கம்ப்யூட்டர்கள். பழசு என்று எதையும் நான் தூக்கிப் போடுவதில்லை. ஒரே பக்கம் ஒரு பிரவுசரில் ஒழுங்காக நிற்கும். இன்னொன்றில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ரொம்பப் பழையதில் ஆர்டர் கொடுக்கும் பொத்தானே காணாமல் போய்விடும். பார்க்கிறவர் கடைதான் சரியில்லை என்று நினைத்துத் திரும்பிவிடுவார். அப்படி ஒருவர்கூடத் திரும்பிப் போகக் கூடாது என்பது என் பிடிவாதம். இதை முதலிலேயே சொல்கிறேன். நான் அலட்சியமாக இருந்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது உண்மையாகாது.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் அக்காவின் கடை. வீட்டோடு கிடக்கும் நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர், சக்கர நாற்காலி, கட்டில் எல்லாம் வாடகைக்கு விடுகிறாள். அவள் கணவர், என் அத்தான், வண்டியில் கொண்டுபோய் இறக்கி வைப்பார். என் மேசையிலிருந்து பார்த்தால் வண்டியும் தெரியும், வாசலில் சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கும் சிலிண்டர்களும் தெரியும்.

அவள் கடைக்கான வெப்சைட்டை நான் ஆசையாகத்தான் செய்தேன். அதைப் பழைய பிரவுசரில் பார்ப்பதற்காக, கடையின் வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுக்கே போனேன். ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். கடையில் எல்லோருக்கும் அவர் ரயில்காரர். எஞ்சின் சத்தத்திலேயே காது போய்விட்டது, பக்கத்தில் நின்று கத்தினால்தான் கொஞ்சம் விழும். போன் அவருக்கு ஆகாது, வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் எழுதித்தான் கேட்பார். கூடத்துக் கட்டிலில் அவர் மனைவி, மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தார்.

"அவருக்குக் காது கேக்காது, எனக்கு மூச்சு வராது. ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் தம்பி ஒரு ஆளு" என்று சொல்லி அந்த அம்மா சிரித்தார். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

ரயில்காரரின் விரல்கள் தடித்தவை, கொஞ்சம் நடுங்கும். அங்கேயே உட்கார்ந்து பொத்தானைப் பெரிதாக்கினேன், எழுத்தைக் கூட்டினேன். "இப்ப கண்ணாடி இல்லாமலே தெரியுதே" என்று அவர் என் தோளைத் தட்டினார். எனக்கு அவர்களைப் பிடித்திருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்காவிடம் காட்டியபோது அவள் முகத்தைச் சுளித்தாள். மேலே படங்கள் ஓட வேண்டும் என்றாள். ஓடும் படம் போட்டால் பழைய பிரவுசரில் பக்கமே உடைந்துபோகும் என்றேன்.

"அந்த ஓட்டை பிரவுசருக்கா இத்தனை நாள் உக்காந்திருந்தே? யாருடா அதுல பாக்கறாங்க? வேணும்னா போன் பண்ணப் போறாங்க."

"காது கேக்காதவங்க எப்படிக்கா பண்ணுவாங்க?"

"பக்கத்து வீட்டுல சொல்லிப் பண்ணச் சொல்லுவாங்க. ஊர்ல இல்லாத கவலை உனக்கு." பிறகு அத்தான் பக்கம் திரும்பினாள். "சின்னப் பிள்ளையிலேர்ந்தே இவன் இப்படித்தான். ஒண்ணுமில்லாததைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவான்."

அத்தான் சிரித்தார். நாற்காலி பார்க்க வந்திருந்த ஒரு பெண்மணியும், யார் எவர் என்று தெரியாமலே, சிரித்தார்.

நான் சரி என்றேன். அக்கா சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. ஓடும் படங்களைப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் பழைய பிரவுசரில் வருகிறவர்களுக்குப் பக்கத்தை உடைந்தபடி விட எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு மட்டும் என் பழைய பக்கமே தெரியும்படி வைத்தேன். அதில் கொடுக்கும் ஆர்டர் கடைக்குப் போகாது, எனக்கு வரும். எத்தனை பேர் அந்த வழியாக வருகிறார்கள் என்று அவளுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

முதலில் வந்தது ஓர் ஊன்றுகோல். யாரோ காலில் கட்டுப் போட்டவர் கேட்டிருந்தார். படியிறங்கி ஓடினேன்.

"ஒரு ஊன்றுகோல்" என்றாள் அக்கா. "இதுக்காடா இப்படி மூச்சிரைக்க வந்தே?" அத்தான் போகிற வழியில் கொடுத்துவிட்டு வந்தார். விஷயம் அதோடு முடிந்தது.

ஊன்றுகோல் போதாது என்று அன்று புரிந்துகொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் ரயில்காரர் எழுதினார். "சிலிண்டர் முடியப் போகிறது. இன்று மாலைக்குள் வேண்டும். சிரமத்துக்கு மன்னிக்கவும்." அவர் திரையில் 'உங்கள் ஆர்டர் கிடைத்தது' என்று வந்திருக்கும். நான் எழுதி வைத்த வரிதான். பொய் இல்லை, கிடைத்திருந்தது.

கீழே அத்தான் வாளியும் துணியுமாக வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் வரை போனேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். சிலிண்டர் போய்ச் சேரும். 'அதான் போயிடுச்சே' என்பாள் அக்கா. போய்ச் சேர்ந்துவிட்ட ஒரு பொருளை வைத்து யாருக்கும் எதையும் புரியவைக்க முடியாது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மதியம் இன்னொன்று வந்தது. "சிலிண்டர் மீட்டரில் முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வண்டி கிளம்பிவிட்டதா?"

நான் ஒரு தையல் கடையின் வெப்சைட்டில் இருந்தேன். அதன் தலைப்பு ஒரு பிரவுசரில் மயிரிழை கீழே இறங்கி நின்றது. அதைச் சரிசெய்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியதா என்று நேற்று கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன். அத்தான் வண்டியைத் துடைத்து முடித்து, அதன் நிழலிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது செய்தி இது. "பதில் காணோம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி கடைக்குப் போன் செய்யச் சொல்லட்டுமா? அவளுக்கு மூச்சு இழுக்கிறது."

இந்த இடத்தைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பொறுமையாகக் கேளுங்கள். பக்கத்து வீடு, போன். அக்கா சொன்ன அதே வார்த்தைகள். அந்தப் பெண் மட்டும் போன் செய்துவிட்டால் அக்கா சொன்னபடியே எல்லாம் நடந்து முடிந்திருக்கும். பழைய பிரவுசர் யாருக்கும் தேவையில்லை என்று ஆகிவிடும். அது உண்மையில்லை. உண்மையில்லாத ஒன்று என் கண் முன்னால் நிரூபணமாவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

அதனால் பதில் எழுதினேன். "போன் செய்ய வேண்டாம் ஐயா. வண்டி கிளம்பிவிட்டது."

எழுத்தைப் பெரிதாக வைத்து அனுப்பினேன், பதற்றத்தில் கண்ணாடியைத் தேட வேண்டாமே என்று.

உடனே பதில் வந்தது. "மிக்க நன்றி தம்பி. அவளிடம் சொல்லிவிட்டேன். தைரியமாகப் படுத்திருக்கிறாள்."

அதன்பின் வந்தவற்றை நான் திறக்கவில்லை. வேலை இருந்தது. சாயங்காலம் அத்தான் வண்டியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

மறுநாள் அந்த அம்மாவின் துக்கம் கேட்க மூவரும் போனோம். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆர்டர் எதுவும் வரவில்லையே என்று வழியெல்லாம் புலம்பினாள். ரயில்காரர் வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மணி அடிச்சா எனக்குக் கேக்காதில்ல தம்பி. அதனால கதவைத் திறந்து வெச்சுட்டு இங்கயே நின்னேன். உள்ள அவ கூப்பிட்டாளோ என்னவோ, தெரியல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான்தான் ஏதோ தப்பா அழுத்திட்டேன் போல."

அவர் தன்னையே குறை சொல்லிக்கொள்வதை என்னால் தாங்க முடியவில்லை. "இல்லைங்க ஐயா. நீங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க" என்றேன், அவர் காதில் விழும்படி சத்தமாக.

திரும்பி வரும்போது வண்டியிலேயே அக்காவிடம் போனைக் கொடுத்தேன். ஆர்டர், மற்ற செய்திகள், என் பதில், எல்லாம் வரிசையாக இருந்தன. அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். அத்தானை வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி, ஓரமாகக் குந்தி உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். பிறகு என் போனைத் திருப்பித் தராமலே போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மாவிடம் எனக்கு என்ன பகை? இருந்தாலும் நீங்கள் எழுதியதை மாற்றச் சொல்லவில்லை. சிலிண்டர் இருந்தது, வண்டி இருந்தது, நான் தடுத்தேன். தெரிந்தேதான் தடுத்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

அக்கா வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்றீர்கள். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசவில்லை, நீங்கள் கேட்டால் சொல்வாள். அந்தப் பழைய பிரவுசர் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி என்று இப்போதாவது ஒப்புக்கொள்கிறாளா, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்.