முதல் வாடிக்கைக்காரியின் புருசன்

தெரியாதெண்டு சொன்னாப் பிறகும் சுபாஜினி எங்கை, சுபாஜினி எங்கை எண்டால் நான் என்னத்தைச் சொல்ல, அண்ணை? கத்தியைக் கீழை வைக்க வேண்டாம், கையிலையே வைச்சிருங்கோ. அந்தத் துவாயை மட்டும் இஞ்சாலை எறிஞ்சு விடுங்கோ, கையிலை ரத்தம் நல்லா வடியுது. மாட்டியளோ? சரி, என்ரை கழுத்துச் சாலாலை கட்டுறன்.

ஆம்பிளை ஒருத்தரும் இஞ்சை இல்லை. கக்கூசையும் பாத்திட்டியள், அலுமாரியையும் உடைச்சிட்டியள். அதுக்குள்ளை ஒரு ஆள் நிக்கேலுமே? போர்ட்டிலை போட்டிருக்கிற லவீனா நான்தான். வாழ்க்கைப் பயிற்சியாளர். லைஃப் கோச் எண்டுறது. சிரியுங்கோ, எங்கடை அம்மாவும் சிரிச்சவதான். முப்பத்தாறு வயசு மட்டும் கலியாணமும் கட்டாமல் இருந்திட்டு, ஊராருக்கு வாழப் பழக்கப் போறாவாம் எண்டு.

ஒரு வருசம் ஒன்லைனிலை, சூமிலை படிச்சுப்போட்டுத்தான் இந்த அறையை வாடகைக்கு எடுத்தனான். முதல் மாசம் வந்த சனம் சாதகக் குறிப்பை நீட்டினது. ஒரு ஐயா மாடு துலைஞ்சுபோச்செண்டு வந்தவர். பிறகுதான் உங்கடை மனுசி சுபாஜினி வந்தவ. என்ரை முதலாவது ஆள். நெல்லியடியிலை தாயைப் பாக்க விடுறனியள் எல்லோ, அந்தச் சாட்டிலை வந்தவ.

கதவடிக்குப் போகாதேங்கோ. அவ என்ன சொன்னவ எண்டு அறிய விருப்பமில்லையே? இருங்கோ, சொல்லுறன்.

எங்கடை வேலையிலை புத்தி சொல்லக்கூடாது, கேள்வி கேக்கலாம், அவ்வளவுதான். உங்களுக்கு வாழ்க்கையிலை என்ன வேணும் எண்டு கேட்டன். அவ சொன்னவ, ஒரு நாளைக்காவது சோத்தைச் சுடச்சுடத் தின்னோணும் எண்டு. நீங்கள் திண்டு எழும்பி, சுருட்டும் பத்தி முடிய அவ கோப்பையிலை கை வைக்கேக்கை எல்லாம் ஆறிப்போமாம்.

இடப்பக்கம் நிண்டு கதைச்சால் அவவுக்குக் கேளாது. உந்தப் புகையிலைக் கத்தியின்ரை பிடியாலைதானே காதடியிலை அடிச்சனியள்? தோட்டத்து வாய்க்காலிலை அவ தண்ணி மாறப் பிந்திப்போச்செண்டு. போன மாரிக்குத் தலைமயிரிலை பிடிச்சு, கிணத்தடித் தொட்டிக்குள்ளை அமத்தினியளாம். மகள் கோபிகா வந்து உங்கடை காலைக் கடிச்சபடியால்தான் விட்டியளாம். ஏழு வயசுப் பிள்ளை. பிறகு அவளையும் சுவரோடை...

தலைமயிரை விடுங்கோ. விட்டால்தானே கதைக்கலாம். ம். இந்தப் பல்லு முந்தியே ஆடினதுதான். சொண்டு வெடிச்சபடியால் கதை கொஞ்சம் தெளிவில்லாமல்தான் வரும், குறை நினையாதேங்கோ.

கத்தமாட்டன், பயப்பிடாதேங்கோ. கீழை புடவைக்கடை, ஞாயிற்றுக்கிழமையிலை பூட்டு. கத்தினாலும் ஒருத்தரும் வராயினம்.

தாயோடை போய் இருக்கேலாதோ எண்டும் கேட்டுப் பாத்தனான். ரண்டு தரம் போய் இருந்தவவாம். ரண்டு தரமும் நீங்களும் உங்கடை ஆக்களும் வான் பிடிச்சு வந்து, தாய்க்கு முன்னாலை தேன் மாதிரிக் கதைச்சுக் கூட்டிக்கொண்டு போனியளாம். வான் சந்தி திரும்ப முந்தியே நீங்கள் அடிக்கத் துவங்கிட்டியளாம். அதுக்குப் பிறகு பிள்ளையை அவவோடை படலை தாண்ட விடுறேல்லை. அவ தாயைப் பாக்கப் போனால் பிள்ளை உங்களோடை வளவிலை நிக்கோணும். கெட்டிக்காரத்தனம்தான். பிள்ளையை விட்டிட்டு அவ எங்கை போறது?

அது பிளாஸ்டிக் கதிரை, எத்தினை தரம் எறிஞ்சாலும் உடையாது. லப்டொப்பை உடைச்சதுதான் கவலை. இன்னும் காசு கட்டி முடியேல்லை.

வேண்டாம், அண்ணை. அந்தக் கையாலைதான் நான் எழுதுறது.

சரி. வெட்டிட்டியள். கொஞ்சம் இருக்க விடுங்கோ, தலை சுத்துது. இல்லை, மயங்கமாட்டன், கதைச்சுக்கொண்டுதான் இருப்பன்.

யன்னலாலை பாருங்கோ, வெயில் சரிஞ்சுபோச்சு. இனிச் சொன்னால் பரவாயில்லை. மத்தியானம் உங்களுக்கு ஒரு பொம்பிளை ஃபோன் கோல் எடுத்தவ எல்லோ. என்ரை பேர் வேண்டாம் தம்பி, உம்மடை மனுசி நெல்லியடியிலை ஒரு மேல்மாடியிலை ஒருத்தனோடை இருக்கிறதை என்ரை கண்ணாலை கண்டனான் எண்டு. கொஞ்சம் வயசு போன குரல். விலாசமும் வடிவாச் சொன்னவ. எங்கடை ஆக்கள் மொட்டைக் கடிதத்தைக் கண்டால் ஆரெண்டு விசாரிக்கிறேல்லை, அப்பிடியே நம்பிப்போடுவினம். கோல் எண்டாலும் அப்பிடித்தான் எண்டு நினைச்சன். அது நான்தான், அண்ணை.

அவ இண்டைக்கு நெல்லியடிப் பக்கம் வரவே இல்லை. உங்கடை சண்டிலிப்பாய்ச் சந்தி தாண்டினவுடனை பஸ்ஸாலை இறங்கி, ஒரு கடை வாசலிலை நிண்டவ. நீங்கள் கத்தியும் கையுமா மோட்டச்சைக்கிளிலை பறந்து போறதைப் பாத்திட்டு, வளவுக்குள்ளை போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டவ. அதுக்கு நீங்கள் இஞ்சை மினக்கெடோணும் எல்லோ.

எங்கை, எங்கை எண்டு கேட்டுக்கொண்டே நிக்கிறியள். சத்தியமா எனக்குத் தெரியாது. எங்கை போறதெண்டு அவ சொல்லத்தான் வெளிக்கிட்டவ, நான்தான் அவவின்ரை வாயைப் பொத்தினனான். எனக்கு உவ்வளவு தைரியம் காணாது, அண்ணை. தெரிஞ்சிருந்தால் முதல் வெட்டுக்கே சொல்லியிருப்பன்.